புதுப் படங்களில் டயலாக் ஏன் காதில் விழுவதில்லை?

24 நவம்பர் 2024. கேள்வி

அண்மையில் தியேட்டரில் பார்த்த புதுப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே தொல்லை. சண்டையும் பாட்டும் வந்தால் காது கிழிகிறது. ஹீரோ வாயைத் திறந்தால் "என்ன சொன்னார்?" என்று பக்கத்து சீட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதே படம் ஓடிடிக்கு வந்த பிறகு வீட்டில் போட்டாலும் ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. இந்தக் காலத்து நடிகர்களுக்கு வசனம் பேசத் தெரியவில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

24 நவம்பர், இரவு

மறுக்கிறேன். நடிகரைக் கடைசியில் பார்ப்போம். அவர் பேசியது உங்கள் காதுக்கு வருவதற்குள் ஆறு கை மாறுகிறது: படப்பிடிப்பு, டப்பிங், மிக்ஸிங் (பேச்சு, இசை, பிற சத்தங்களைச் சேர்த்துச் சமன்செய்வது), தியேட்டர், ஓடிடிக்கான பதிப்பு, வீட்டு டிவி. இதில் எந்தக் கையில் சொல் தொலைந்தது என்று பார்க்காமல் "சவுண்டு மோசம்" என்று விமர்சனம் எழுதினால் தப்பு செய்தவர் தப்பித்துவிடுவார்.

நான் அண்மையில் பார்த்த படங்களை வைத்துச் சொன்னால், பெரிய பட்ஜெட் படங்களில் குற்றவாளி மிக்ஸிங்கும் தியேட்டரும் சேர்ந்துதான். ஒன்றைப் பார்த்து மற்றது கெட்டுப்போகிறது. அது எப்படி என்று நாளை எழுதுகிறேன், கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

25 நவம்பர்

கணக்கு இதுதான். தியேட்டர் சவுண்டு ப்ராசஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் ஒன்று உண்டு, 0 முதல் 10 வரை. 7 என்பது தர அளவு. மிக்ஸிங் ஸ்டுடியோவிலும் 7, தியேட்டரிலும் 7 என்றால் இன்ஜினியர் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள். அந்த 7-ஐ நிர்ணயிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை ஒலியைத் திரைக்குப் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களில் ஒவ்வொன்றாக ஓட்டி, ஹாலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் மைக்கை வைத்து, ஒவ்வொன்றும் 85 டெசிபல் (சி வெயிட்டிங் என்ற அளவீட்டு முறையில்) காட்டும்படி ஆம்ப்ளிஃபயரைத் திருகுவார்கள். 5.1 ஹாலில் (திரைப் பக்கம் மூன்று, சுவர்ப் பக்கம் இரண்டு, பேஸுக்கு ஒன்று என ஒலியைப் பிரிப்பது) சுவர் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்துக்கு 82.

இப்போது ஒரு படம் அளவுக்கு மீறிச் சத்தமாக மிக்ஸ் ஆகி வருகிறது. முதல் காட்சியிலேயே ரசிகர்கள் காதைப் பொத்துகிறார்கள், மேனேஜரிடம் புகார் போகிறது. ஆபரேட்டர் 7-லிருந்து 5-க்கு இறக்குகிறார். இந்தப் பகுதியில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 3.3 டெசிபல். இரண்டு புள்ளிக்கு 6.7 டெசிபல் போச்சு. திறனில் சொன்னால் ஸ்பீக்கருக்குப் போவதில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். சண்டைக் காட்சிக்கு அது சரியான அளவு. அதே அளவில் மெதுவாகப் பேசுகிற காட்சி ஏசி இரைச்சலுக்குள் புதைந்துவிடும். ஃபேடருக்குச் சண்டை எது, பேச்சு எது என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே இறக்கும்.

அடுத்த படத்தின் இயக்குநர் தியேட்டரில் உட்கார்ந்து தன் படம் மந்தமாகக் கேட்பதைப் பார்க்கிறார். "தியேட்டரில் எப்படியும் குறைத்துவிடுவார்கள், நாம் ஏற்றியே கொடுப்போம்" என்று அடுத்த மிக்ஸில் ஏற்றுகிறார். ஆபரேட்டர் அதை 4.5-க்கு இறக்குகிறார். இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் இழப்பது டயலாக் ஒன்றுதான்.

25 நவம்பர், சற்றுப் பிறகு

"இதெல்லாம் ஊகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த மாதமே வெளிப்படையாக நடந்ததுதான். கங்குவா 14 நவம்பர் 2024 அன்று வெளியானது. இரைச்சல் அதிகம் என்று முதல் நாளே புகார் வந்தது. தயாரிப்பாளர், ஒலியை 2 புள்ளி குறைத்து ஓட்டும்படி தியேட்டர்களுக்குச் சொல்லிவிட்டதாகப் பொதுவில் அறிவித்தார். ஆஸ்கார் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, நம் பிரபலப் படங்களின் ஒலி இப்படி விமர்சிக்கப்படுவது வருத்தம் தருகிறது, இந்தச் சத்தப் போட்டியில் எங்கள் கலை மாட்டிக்கொண்டது என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். சவுண்டு இன்ஜினியரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. கடைசி அளவை முடிவு செய்கிற நாற்காலியில் பெரும்பாலும் அவர் உட்கார்ந்திருப்பதில்லை.

27 நவம்பர்

"டயலாக் வரும்போது ஏற்றி, சண்டை வரும்போது ஆபரேட்டர் இறக்கக் கூடாதா?" என்ற கேள்விக்கு: கூடாது. படம் முழுக்க ஃபேடரில் கை வைத்து உட்கார்ந்திருக்க இப்போது புரொஜக்ஷன் அறையில் ஆளே இல்லை. பல மல்டிபிளெக்ஸ்களில் ஒரே ஆள் பல ஸ்கிரீன்களைக் கவனிக்கிறார். ஆள் இருந்தாலும் சண்டை தொடங்கிய பிறகுதான் கை இறங்கும், வசனத்தின் முதல் வரி போன பிறகுதான் கை ஏறும்.

செய்யக்கூடியது வேறு. விளம்பரமும் டிரெய்லரும் படத்தைவிடச் சத்தமாக வரும். அமெரிக்காவில் டிரெய்லர்களுக்கு 85 லெக்(எம்), அதாவது முழு டிரெய்லரின் சராசரிச் சத்தம் இவ்வளவுதான், என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். இங்கே விளம்பரத்துக்காக ஃபேடரை இறக்கிவிட்டு, படம் தொடங்கும்போது திருப்பி ஏற்றாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிளே லிஸ்டிலேயே "விளம்பரம் 5, படம் 6.5" என்று கட்டளை பொருத்திவிடலாம், ப்ராசஸர் தானாக மாற்றிக்கொள்ளும். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

நீங்கள் புகார் செய்வதானால் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "சவுண்டு சரியில்லை" என்றால் ஒன்றும் நடக்காது. "படத்துக்கு ஃபேடர் எத்தனையில் இருக்கிறது? டயலாக் சென்டரில் மந்தமாக வருகிறது" என்று கேளுங்கள். கேள்வி தெரிந்தவருக்கு பதில் வேகமாக வரும்.

29 நவம்பர்

சென்டர் என்றதும் மூன்று பேர் விவரம் கேட்டிருக்கிறார்கள். இது விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம்.

திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர் அடுக்குகள். டயலாக் ஏறக்குறைய முழுவதும் நடு அடுக்கிலிருந்துதான் வரும், அது கூரையிலும் ஸ்பீக்கர் வைக்கும் அட்மாஸ் படமானாலும் சரி. பாட்டும் பின்னணி இசையும் பெரும்பாலும் இடம் வலத்தில். ஆகவே இசை துல்லியமாக இருந்து பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் அந்த ஹாலின் நடு அடுக்கில் கோளாறு என்று தைரியமாகச் சொல்லலாம். நடு அடுக்கில் மேல் பக்கம் ஹார்ன் இருக்கும், அதன் பின்னால் உயர் அதிர்வெண்ணை எழுப்பும் கம்ப்ரஷன் டிரைவர். அதன் மெல்லிய டயஃப்ரம் கிழிந்தாலோ எரிந்தாலோ உயர் அதிர்வெண் போய்விடும். கீழே உள்ள பெரிய வூஃபர் வேலை செய்துகொண்டே இருப்பதால் குரல் வருகிறது, யாரும் கவனிப்பதில்லை. வாரக்கணக்கில் அப்படியே ஓடும்.

நம் பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், ச போன்ற உரசொலிகளுக்கு இன்னும் மேலே. மேல் பகுதி போனால் குரல் நன்றாகக் கேட்கும், சொல் விளங்காது. "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று யாராவது சொன்னால் அது வால்யூம் குறைவு கிடையாது. மேல் அதிர்வெண் போயிருக்கிறது, அல்லது எதிரொலி அதிகம், அல்லது இசை மூடியிருக்கிறது. இந்த மூன்றில் எதற்கும் வால்யூமை ஏற்றுவது மருந்தாகாது.

எதிரொலியைக் கண்டுபிடிப்பது எளிது. படம் தொடங்குமுன் காலி ஹாலில் ஒரு தடவை கை தட்டுங்கள். உடனே அடங்கினால் நல்ல ஹால். வால் நீண்டு தேய்ந்தால் பழைய சிமெண்டுச் சுவர், மெல்லிய துணி மட்டும் ஒட்டியது. அங்கே ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் மேல் விழும். முழு ஹவுஸ்ஃபுல்லில் மனித உடம்பும் துணியும் சேர்ந்து ஒலியை உறிஞ்சிவிடுவதால், அதே ஹால் கூட்டமான காட்சியில் தெளிவாகவும் காலியான காலைக் காட்சியில் குழப்பமாகவும் கேட்கும். ஒரே தியேட்டரைப் பற்றி இரண்டு பேர் நேர்மாறாக எழுதுவதற்கு இதுவும் காரணம்.

திரையையும் பார்க்க வேண்டும். அதில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும், ஒலி அதன் வழியாகத்தான் வர வேண்டும். தூசி அடைத்தாலும் மேல் அதிர்வெண் குறையும்.

உட்காரும் இடம்: நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில். மைக் வைத்து அளந்த இடமே அதுதான். சுவர் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு சுவர் ஸ்பீக்கர் தலைக்கருகே இருக்கும், மழையும் கூட்டச் சத்தமும் பேச்சின் மேல் ஏறி உட்காரும். கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர்கள் அதே வேலையைச் செய்யும். இந்த இரண்டு இடத்தில் உட்கார்ந்து பார்த்த படத்தின் ஒலியைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம் என்பேன்.

2 டிசம்பர்

மிக்ஸிங் பக்கம். எனக்கு இதில்தான் மனத்தாங்கல் அதிகம்.

டயலாக், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனித் தொகுப்புகளாக வந்து இறுதி மிக்ஸில் சேர வேண்டும். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ப்ரீமிக்ஸ் செய்துவைத்தால் இறுதியில் சமன் பார்ப்பதுதான் வேலை. இசையும் உள்ளுக்குள் பிரிந்து வர வேண்டும்: தாளம் தனி, ஸ்டிரிங்ஸ் தனி, பிராஸ் தனி, கோரஸ் தனி, பேஸ் தனி. அப்படி வந்தால் ஹீரோ பேசும் இடத்தில் பிராஸையும் கோரஸையும் மட்டும் 3 டெசிபல் இறக்கிவிட்டு தாளத்தை விட்டுவைக்கலாம். பார்ப்பவருக்கு இசை குறைந்ததே தெரியாது. வெளியீட்டுத் தேதி முன்கூட்டி அறிவித்து, பின்னணி இசை கடைசி வாரத்தில் ஒரே ஸ்டீரியோ கோப்பாக வந்து இறங்கினால் இன்ஜினியருக்கு இருப்பது இரண்டே வழி. முழு இசையையும் இறக்கலாம், அப்போது "மாஸ் போச்சு" என்பார்கள். விட்டுவிடலாம், அப்போது வசனம் போகும்.

இன்னொரு வழி உண்டு. இசையில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை, பேச்சு வரும்போது மட்டும் இரண்டு மூன்று டெசிபல் குழித்துவிடுவது. டயலாக் தடத்தையே தூண்டுகோலாக வைத்து இதைத் தானாகச் செய்யலாம். அளவோடு செய்தால் அழகு. அதிகமானால் ஒவ்வொரு சொல்லுக்கும் இசை மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். இந்த ஆண்டு பார்த்த சில படங்களில் அது நன்றாகவே காதில் பட்டது.

என் கருத்து: இரைச்சலுக்கு மருந்து வசனத்தை ஏற்றுவதில் இல்லை, இசையை எழுதும்போதே வசனத்துக்கு இடம் விடுவதில் இருக்கிறது. ஹீரோ சவால் விடும் வரிக்கு அடியில் டிரம்ஸ், டிஸ்டார்ஷன் கிடார், நூறு பேர் கோரஸ் மூன்றையும் அடுக்கினால் எந்த இன்ஜினியராலும் அந்த வரியைக் காப்பாற்ற முடியாது. வரி முடிந்து அரை நொடி கழித்து இசை அடித்தால் இரண்டும் பிழைக்கும். பழைய படங்களில் பஞ்ச் வசனம் மனப்பாடம் ஆனதற்குப் பாதிக் காரணம் அந்த அரை நொடி.

2 டிசம்பர், இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சத்தம் என்பது ஒப்பீடு. படம் முழுக்க உச்சத்தில் இருந்தால் உச்சம் என்று ஒன்று இருக்காது. கிளைமாக்ஸுக்கு முன்னால் இரண்டு நிமிடம் வெறும் காற்றும் காலடியும் இருந்தால், அதன் பிறகு வருகிற ஒரு அடி 95 டெசிபலிலேயே நெஞ்சில் இறங்கும். அந்த இரண்டு நிமிடத்தை நம்ப இயக்குநருக்குத் தைரியம் வேண்டும்.

6 டிசம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் நடிகர்கள் மேல் தப்பே இல்லையா?" என்கிறார். கொஞ்சம் இருக்கிறது.

1952-இல் பராசக்தி வந்தபோது ஒலி ஒரே தடம், திரைக்குப் பின்னால் ஒரே ஸ்பீக்கர் தொகுதி. நடித்தவர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசைக்கும் எட்டும்படி எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பயிற்சி. பேசும்போது இசை ஒதுங்கி நிற்கும். கேட்காமல் போக வழியே இல்லை. இன்றைய நடிப்பு இயல்புக்கு வந்துவிட்டது, மூச்சுக்குள் பேசுகிறார்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார்கள். இயல்பு நடிப்பு எனக்குப் பிடிக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. கடைசிச் சொல் போனால் செய்தாரா செய்யவில்லையா என்பதே போய்விடும். டப்பிங் இயக்குநர் பிடிக்க வேண்டிய இடம் அது.

டப்பிங்கில் வழக்கமாக நடக்கும் தவறு மைக் தூரம். காட்சியில் ஆள் முப்பது அடி தள்ளி நிற்கிறார், குரல் காதோரம் கேட்கிறது. ஸ்டுடியோவில் எல்லா வரியையும் ஒரே தூரத்தில், வாய்க்கு ஒரு சாண் முன்னால் மைக்கை வைத்து எடுத்ததன் விளைவு. பின்னர் எதிரொலி சேர்த்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அதில் மெய்யெழுத்து மங்கும். தூரக் காட்சிக்கு இரண்டாவது மைக்கை மூன்று நான்கடி தள்ளி வைத்து இரண்டையும் பதிந்துகொண்டால் மிக்ஸில் கலந்துகொள்ளலாம்.

படப்பிடிப்பிலேயே குரல் பதியும் முறை இந்தியில் லகான் (2001) படத்தில் பெரிய அளவில் செய்யப்பட்டது, தமிழில் விருமாண்டி (2004) அப்படி எடுத்த படம். நடிப்பின் உயிர் அதில் அப்படியே இருக்கும். வில்லங்கமும் அதிகம்: ஜெனரேட்டர் இரைச்சல், பக்கத்துத் தெரு ஹாரன், சட்டைக்குள் ஒட்டிய லேப்பல் மைக்கில் கஞ்சி போட்ட வேட்டி, பட்டுச் சேலை உரசுகிற சத்தம். பூம் மைக் தலைக்கு மேல் இரண்டு மூன்றடிக்குள் வந்தால்தான் குரல் நெருக்கமாக இருக்கும், அகலமான ஃபிரேமில் அது படத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஆள் பேசாத அரை நிமிடம் அறை ஒலியைத் தனியாகப் பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் வெட்டு வரும் இடமெல்லாம் பின்னணி குதிக்கும்.

6 டிசம்பர், ஒரு வரிப் பதில்

"உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்" என்பது டப்பிங் குறையா, தியேட்டர் குறையா? படம் முழுக்க ஒரே அளவு விலகினால் தியேட்டர். சில வரிகளில் மட்டும் விலகினால் டப்பிங்.

7 டிசம்பர்

அதன் அளவையும் கேட்டிருக்கிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி 14 மீட்டர் போகும். முப்பது மீட்டர் ஹாலில் கடைசி வரிசைக்காரருக்கு இரண்டு ஃபிரேம் தாமதமாகவே கேட்கும், அது இயற்கை. சர்வதேசப் பரிந்துரைப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. இடி மின்னலுக்குப் பின்னால் கேட்டுப் பழகிய காது தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறது, முந்துவதைப் பொறுக்காது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியைச் சற்றுப் பிந்த வைப்பதே பாதுகாப்பு. வீட்டில் சவுண்ட்பார் வைத்தவர்களுக்கும் இதே விதி.

10 டிசம்பர்

இனி வீடு.

ஓடிடி நிறுவனங்கள் டயலாக்கை ஒரு குறிப்பிட்ட சராசரியில் கட்டிவைக்கச் சொல்கின்றன. நெட்ஃபிளிக்ஸின் அளவு: டயலாக்கை மட்டும் அளந்து மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (டிஜிட்டலில் கொள்ளும் உச்ச அளவை 0 என்று வைத்து, அதற்குக் கீழே சராசரிச் சத்தத்தை அளக்கும் டெசிபல் அலகு), இரண்டு கூடலாம் அல்லது குறையலாம், உச்சம் மைனஸ் 2-ஐத் தாண்டக் கூடாது. அதாவது பேச்சுக்கும் வெடிக்கும் நடுவில் 25 டெசிபல் இடம் விட்டிருக்கிறார்கள். அமைதியான அறையில், நல்ல ஸ்பீக்கரில் அது வரம். மின்விசிறி ஓடும் ஹாலில், குழந்தை தூங்கும் நேரத்தில், டிவியின் பின்புறத்தில் ஒளிந்திருக்கும் விரலளவு ஸ்பீக்கரில் அது தொல்லை.

தியேட்டருக்காகச் செய்த மிக்ஸை அப்படியே சுருட்டிக் கொடுத்த படங்களில் தொல்லை இரட்டிப்பு. தியேட்டரில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாக இறங்கும் ஒரு வளைவு உண்டு, மிக்ஸ் அதைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுகிறது. வீட்டில் அந்த வளைவு கிடையாது, அதனால் வெடியும் கண்ணாடி உடைவதும் இன்னும் கூர்மையாகக் குத்தும். சிறிய அறையில் உட்கார்ந்து வீட்டுக்கென்றே தனி மிக்ஸ் செய்த படத்தில் இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும்.

உங்கள் கையில் இருப்பதை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், படம் ஓடும்போது ஒலி மெனுவைத் திறந்து எந்தத் தடம் ஓடுகிறது என்று பாருங்கள். டிவியின் இரண்டு ஸ்பீக்கரில்தான் கேட்கிறீர்கள் என்றால் 5.1 தடத்தை விட்டுவிட்டு ஸ்டீரியோ தடம் இருந்தால் அதை எடுங்கள். 5.1-ஐ இரண்டாகச் சுருக்கும்போது நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பிரித்துப் போடுவார்கள். இரு பக்கமும் சேர்ந்து அது ஈடாகிவிடும். ஆனால் பக்கத்து இசையும் சுவர் ஒலியும் அதே இரண்டு ஸ்பீக்கரில் வந்து குவிவதால் பேச்சு நெரிபடும். சில கருவிகளில், 5.1 வெளியீடு என்று தப்பாக அமைத்திருந்தால் நடுச் சேனல் எங்கும் போகாமலே தொலைந்துவிடும். பாட்டு கம்பீரமாகக் கேட்டு பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து, டிவியில் "சரவுண்டு", "விர்ச்சுவல்", "3டி சவுண்டு" என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அகலம் காட்டுவதற்காக இந்த வித்தைகள் நடுவில் இருப்பதைக் கெடுக்கின்றன. பிறகு "நைட் மோடு" அல்லது "உரத்த ஒலியைக் குறை" என்பதை இயக்குங்கள். வெடி இறங்கும், பேச்சு ஏறும். ஆப்பிள் டிவி, ஃபயர் டிவி போன்ற பெட்டிகளில் பேச்சை மட்டும் தூக்கும் வசதியே இருக்கிறது. பிரைம் வீடியோவில் சில தலைப்புகளுக்கு 2023 முதல் அந்த வசதி தடத்திலேயே வருகிறது.

சவுண்ட்பார் உள்ளவர்களுக்கு: நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள 3.1 அல்லது 5.1 வகைதான் பேச்சுக்கு உதவும், நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1 வகையில் பேஸ் கூடும், பேச்சு கூடாது. நடுவை 2 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள், போதாவிட்டால் 4. சப்வூஃபரை இறக்குங்கள், பேஸ் வழிந்தால் குரல் மூடும். இணைப்பு ஆப்டிகல் கம்பியில் இருந்தால் ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம் அதில் போகாது. டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றும் அல்லது வெறும் ஸ்டீரியோவாக்கிவிடும். எச்டிஎம்ஐ ஆர்க் என்று எழுதிய துளைக்கு மாற்றி, டிவி அமைப்பில் ஒலி வெளியீட்டை "பாஸ்த்ரூ" (மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள்.

15 டிசம்பர்

நடுவை ஏற்றியதும் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்று இருவர் சொல்கிறார்கள். பாரை அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைத்திருப்பீர்கள். மேல்தட்டும் பக்கப் பலகையும் குரலின் கீழ்ப்பகுதியை வீங்கவைக்கும். பாரின் முன் விளிம்பு தட்டின் விளிம்போடு சமமாகவோ ஒரு விரல் வெளியேயோ நிற்கட்டும். டிவிக்கு முன்னால் வைத்த பூச்சாடி, செட்டாப் பெட்டி எதுவும் பாரை மறைக்கக் கூடாது.

20 டிசம்பர்

யூட்யூபில் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்பவர்களின் கேள்விக்குச் சுருக்கமாக. அவை ஒற்றைத் தடம். "5.1-இல் புதுப்பிக்கப்பட்டது" என்று போட்ட பதிப்பில் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தடத்துக்கு எதிரொலி பூசிப் பரப்பியிருப்பார்கள், பேச்சு பாழாகும். பூசாத பதிப்பைத் தேடுங்கள், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை. இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்த பதிப்பில் ச, ஸ ஒலிகள் நீருக்குள் குமிழ்விடுவது போல இருக்கும், போனது திரும்பாது. 35 எம்எம் பிரதியில் ஒலி, அதற்குரிய படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஃபிலிமிலிருந்து மாற்றும்போது அந்த இடைவெளியைச் சரியாக ஈடுகட்டாத பிரதிகளில்தான் உதடும் குரலும் முழுப் படத்துக்கும் விலகி நிற்கின்றன. கணினியில் பார்த்தால் விஎல்சி என்ற பிளேயரில் ஒலியை முன்பின் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம்.

28 டிசம்பர்

பிற மொழிப் படங்களின் தமிழ் டப்பிங் செயற்கையா இல்லையா என்று ஒரு சண்டையே நடக்கிறது போலிருக்கிறது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒன்று: விமர்சிக்குமுன் மூலத் தடத்தையும் பத்து நிமிடம் கேளுங்கள். தமிழ்ப் பதிப்பு இசை, எஃபெக்ட்ஸ் மட்டும் உள்ள தடத்தின் மேல் புதுக் குரலை ஏற்றிச் செய்வது. மூலத்தில் படப்பிடிப்பிலேயே பதிந்த காலடி, மூச்சு, கோப்பை வைக்கும் சத்தம் எல்லாம் டயலாக்கோடு சேர்ந்தே அகன்றுவிடும். அவற்றை ஃபோலி கலைஞர் மறுபடி உருவாக்க வேண்டும். நேரமில்லாமல் அதை விட்டுவிட்டால் ஆட்கள் வெற்றிடத்தில் நடமாடுவது போல இருக்கும். டப்பிங் செயற்கையாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் உணர்வது இந்த வெற்றிடத்தை. குரல் கொடுத்தவர் நன்றாகவே பேசியிருப்பார். ஓடிடியில் மூல மொழி 5.1, தமிழ் ஸ்டீரியோ மட்டும் என்றும் சில படங்களுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒப்பிடுவதே நியாயமில்லை.

3 ஜனவரி 2025

அட்மாஸ் பலகை போட்ட தியேட்டரில் டயலாக் தெளிவாக இருக்குமா என்ற கேள்வி வந்தது. 2012 டிசம்பரில் சிவாஜி படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸில் வந்ததிலிருந்து இந்த நம்பிக்கை நிலவுகிறது. அட்மாஸ் தருவது இடம்: கூரையில் மழை, தலைக்கு மேல் ஹெலிகாப்டர். 128 தடம் வரை கொள்ளும், 64 ஸ்பீக்கர் வரை பிரித்துக் கொடுக்கும். பேச்சு அங்கேயும் நடு அடுக்கில்தான். நடு டிரைவர் பழுதான அட்மாஸ் ஹாலைவிட நன்றாகப் பராமரித்த 5.1 ஹால் மேல். நல்ல மிக்ஸ் கிடைத்தால் மட்டும் ஒரு மறைமுக லாபம் உண்டு. கூட்டத்தையும் மழையையும் கூரைக்கும் சுவருக்கும் பிரித்து அனுப்பிவிட்டால் திரைப் பக்கம் நெரிசல் குறைந்து குரல் தனியே நிற்கும். அப்படிச் செய்த படங்களை நான் மனதாரப் பாராட்டுவேன், கதை சுமாராக இருந்தாலும்.

9 ஜனவரி. கேள்வி கேட்டவர்

டிவி பெட்டியின் ஒலி வெளியீடு "5.1" என்றே இருந்தது. ஸ்டீரியோவுக்கு மாற்றினேன், பேச்சு முன்னால் வந்துவிட்டது. தியேட்டரில் நடு வரிசைக்கு டிக்கெட் எடுத்தேன், பாதி தீர்ந்தது. இன்னும் ஒரு படத்தில் மட்டும் இரவுக் காட்சிகளில் பேச்சு விளங்கவில்லை.

9 ஜனவரி, இரவு

அந்தப் படத்தின் ஒரு இரவுக் காட்சியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், அதே தடம், அதே ஓடிடி. ஹெட்ஃபோனில் விளங்கினால் அறையும் ஸ்பீக்கரும்தான் காரணம்: மின்விசிறியை ஒரு படி குறைத்து, நைட் மோடு போட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோனிலும் விளங்காவிட்டால் குரலும் இசையும் எப்படி நிற்கின்றன என்று கவனியுங்கள். குரலோடு மூச்சும் துணிச் சத்தமும் தெளிவாக இருந்து சொல் மட்டும் மங்கினால் நடிப்பும் பதிவும். அவையெல்லாம் இசைக்கு அடியில் கிடந்தால் மிக்ஸ். எந்தக் காட்சி, எந்த நிமிடம் என்று எழுதுங்கள், நானும் அதே இடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.